உட்கார்ந்து எடுத்த வளைவு

"பலகையைத் திட்டாதீங்க அண்ணி. அது எந்திரிக்குது, அவ்வளவுதான்."

"பலகை எப்படி தம்பி எந்திரிக்கும்?"

"வளைச்சு வெச்சது நிமிரத்தானே பாக்கும். ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் பெருத்துப்போச்சு."

தச்சு வேலை செய்யும் கொழுந்தன் தரையில் மல்லாந்து கிடந்தான். பாதி உடம்பு ஓடுபாதைக்கு அடியில். கூடத்து மூலையில் ஆள் உயரத்தில் தொடங்கி, சரிந்து, வளைந்து, எதிர்ச்சுவர் வரை தட்டையாக நீளும் மரப்பாதை அது. அதில் ஓடுபவை உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் கார்கள். எஞ்சின் கிடையாது, தம் எடையாலேயே இறங்கி ஓட வேண்டும். அவள் கணவர் கட்டியது. போன வருடம் அவர் இறந்த பிறகும் பொம்மைக் கார் சங்கத்துக்காரர்கள் பந்தயத்துக்கு இங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது எந்தக் காரை விட்டாலும் வளைவின் நடுவில் எகிறிக் கவிழ்ந்தது. சங்கத் தலைவர் காலையில் பார்த்துவிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார்: சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் வளைவை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் கிடைக்கும் அலுமினியத் துண்டைப் பூட்டிவிடலாம். அவள் தலையாட்டி வைத்தாள். அவர் படியிறங்கியதுமே கொழுந்தனை வரச் சொன்னாள்.

அந்த வளைவு அவள் கணவர் தன் உடம்பால் எடுத்தது.

"காம்பஸ்ல வரையிற வளைவு நமக்கு வேண்டாம்" என்று அன்றைக்குச் சொன்னார். "வளைவுக்குள்ள நுழைஞ்சதும் கார் தன் எடையைவிட அதிகமா அமுக்கும். அது திடீர்னு ஏறினா சக்கரம் துள்ளிடும். கொஞ்சம் கொஞ்சமா ஏறணும்." மெல்லிய பலகையின் இரண்டு முனைகளையும் கட்டிவிட்டு, நடுவில் தானே போய் உட்கார்ந்தார். பலகை தனக்குப் பிடித்த மாதிரி வளைந்தது. தம்பி அடியில் படுத்துச் சட்டங்களை முடுக்கி முடிக்கும்வரை அசையவே இல்லை. அடைகாக்கிற கோழி என்று அவள் கேலி செய்ததற்குக்கூடச் சிரிக்கவில்லை, சிரித்தால் குலுங்கிவிடுமாம்.

அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டாள். நாற்காலியை யாரோ கேட்டார்கள், கொடுத்தாள். அவர் உட்கார்ந்து எடுத்த இந்தப் பள்ளத்தை மட்டும் தினமும் கையால் தடவிப் பார்ப்பாள். சில நாட்களாகப் பட்டப்பகலில் கூடத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. வெகு நேரம் உட்கார்ந்திருந்தவர் கால் மாற்றுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் பலகை நூலளவு உயர்ந்திருக்கும்.

"மணல் மூட்டை வெச்சும் பாத்துட்டேன்" என்றான் கொழுந்தன். "கோணிக்கிட்டுப் போகுது. ஆள்தான் உக்காரணும்."

"நீங்களே உக்காருங்களேன்."

"அப்ப யாரு முடுக்கறது? அதுவுமில்லாம நான் உக்காந்தா ஈ உக்காந்த மாதிரிதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடிச்சட்டத்துல அண்ணன் போட்ட பென்சில் கோடு இன்னும் இருக்கு. பலகை அதுவரைக்கும் இறங்கினா போதும், நீளமான ஸ்க்ரூவா போட்டுடறேன். வாங்க அண்ணி."

அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். கையால் தடவுவது வேறு. அதில் போய் உட்காருவது வேறு. அவர் மடியில் எல்லோரும் பார்க்க உட்காருவதுபோல் கூச்சமாக இருந்தது. மாடிப்படியில் சங்கத்துக்காரர்களின் பேச்சுக்குரல் கேட்டது.

"இருங்க தம்பி, கதவைச் சாத்திட்டு வரேன்" என்றாள், பாதி வாய்க்குள். அடியில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கை வைத்தபோது பின்னால் பலகை முனகியது. இந்த முறை நீளமாக, மெதுவாக, கீழே இறங்குகிற முனகல்.

"ஆங், அப்படித்தான்" என்றான் கொழுந்தன் அடியிலிருந்து. "இன்னும் கொஞ்சம். வந்துடுச்சு. கோட்டுலயே நிக்குது."

அவள் திரும்பினாள். மணல் மூட்டை சுவரோரம் கிடந்தது. பலகையின் மேல் ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளம் பழைய ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

ஸ்க்ரூ மரத்தில் ஏறத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"அப்படியே உக்காந்திருங்க. நான் முடிக்கிற வரைக்கும் எந்திரிச்சிடாதீங்க, என்ன?"