காப்பிக் கட்டை

எஸ்டேட்டில் கூலிக்கு நிற்கும் பிழைப்பு இனி வேண்டாம் என்றுதான் மாதையனும் அத்தாயியும் கொட்டச்சேட்டில் தங்கள் ஒரு ஏக்கரிலிருந்த பழைய காப்பிச் செடிகளைத் தோண்டி எறிந்துவிட்டு, காவேரி என்ற கலப்பின ரகத்தை நட்டார்கள்.

செடி நெஞ்சுயரம்தான். கிளையை வளைத்துப் பறிக்க வேண்டாம். மூன்றாம் வருடமே கணுவுக்குக் கணு காய். இலைத்துரு நோய் அக்கம்பக்கத் தோட்டங்களை மொட்டையடித்தபோதும் இதன் இலை பச்சையாகவே நின்றது. அத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. பெற்ற பிள்ளையைப் போலப் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

இத்தனை நல்ல குணத்துக்கு ஒரு குறை இல்லாமலா போகும்? தண்டைத் துளைக்கும் வண்டுக்கு இதன்மேல் தனி ஆசை. மாசியில் மாதையன் தண்டுகளைத் தடவிப் பார்த்தான். பாதித் தோட்டத்தில் பட்டை வரிவரியாகப் புடைத்திருந்தது, உள்ளே புழு. அந்தப் பாதியைப் பிடுங்கினார்கள்.

"எல்லாத்தையும் இங்கயே கொளுத்திப்போடு புள்ள" என்று சொல்லிவிட்டு அவன் வேலையாகப் பக்கத்து ஊர் வாழவந்திக்குப் போனான்.

அவளுக்கு மனசு வரவில்லை. காப்பிக் கட்டை நின்று எரியும். அடுப்பூதும் எந்தப் பெண் அதை வெறுமனே கொளுத்துவாள்? சுள்ளியை மட்டும் எரித்துவிட்டுக் கட்டைகளை வீட்டுக்குப் பின்னால் அடுக்கினாள். திரும்பி வந்தவனும் பார்த்தான். "காஞ்சா புழு செத்துரும்" என்றான்.

சித்திரை வெயிலில் விறகெடுக்கப் போனவள் கட்டைகளிலெல்லாம் வட்ட ஓட்டைகளைக் கண்டாள். மேலே ஒரு வண்டு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டுவதற்குள் மீதித் தோட்டத்துப் பக்கம் பறந்தது.

புரட்டாசியில் மீதிச் செடிகளிலும் பட்டை புடைத்தது. கிளை தாங்காத காய், எல்லாம் பச்சை.

"ஏனுங்க, பழுத்த பொறவு புடுங்கலாமுங்களே."

"அதுக்குள்ள வண்டு வெளிய வந்து பறந்துரும். பக்கத்துத் தோட்டமும் போயிரும்."

"நாந்தானுங்க கெடுத்தேன்."

"நானும் பாத்துட்டுத்தான இருந்தேன்."

அதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. ஒரு குச்சி விடாமல் கொளுத்தினார்கள். அவள் வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை எஸ்டேட்டில் ஆள் கணக்கெழுதும் ரைட்டர் முன்னால் இருவரும் கூலிக்கு நின்றார்கள். ரைட்டர் அத்தாயியைப் பார்த்தார்.

"மேல்காட்டுல காவேரி நாத்து நடோணும். பழக்கம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க" என்றாள்.