கொஞ்சம் புகைதானே!

சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், ஓய்வுபெற்ற அந்தப் பேருந்து ஓட்டுநர் தோட்டத்தைக் கூட்டி, சருகையும் வெட்டிய கிளைகளையும் மூலையில் குவித்துத் தீ வைத்துவிடுவார். முப்பது வருடப் பழக்கம். குவியல் புகைந்துகொண்டிருக்கும்போதே உள்ளே வந்து, மகள் வீட்டில் இருக்கும் மனைவிக்கு ஃபோன் போடுவார்.

மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்கப் போனவள், பத்து நாளில் வருகிறேன் என்றாள். நாலு மாதம் ஆகிவிட்டது. அவருக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். தனியாக ஒரு வீட்டில் இருக்கத்தான் தெரியவில்லை. அவ்வளவு பெரிய கட்டிலில் இன்னமும் ஓரமாகவே படுத்தார்.

"எப்ப வரே?" என்பதுதான் தினமும் முதல் கேள்வி.

அன்று அவள் பதில் சொல்லாமல் வேறு கதைக்குத் தாவினாள். "இதக் கேளுங்களேன், உங்க பேத்திக்கு ஸ்கூல்ல நாடகமாம், மரமா நிக்கணுமாம், நின்னுட்டே தூங்கிட்டாளாம், பக்கத்துல நின்ன மரம் இவள தாங்கிப் பிடிச்சுதாம், டீச்சர் உட்பட அத்தன பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்!"

அவர் சிரிக்கவில்லை. அத்தனையையும் அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தாள். இந்த வீட்டில் இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். வாய்வரை வந்த "வந்துடு" என்ற சொல்லை விழுங்கிக்கொண்டார். அவர் மூட்டிய புகை கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "கொஞ்சம் புகைதானே" என்று எத்தனை தடவை அவள் வாயை அடைத்திருப்பார்!

மறுநாளே கடைக்குப் போனார். "சருகு, கிளை அரைக்கற மிஷின் வேணும்மா. இருக்கறதுலயே பெருசா குடு."

கடைப்பெண் சிரித்தாள். "பெருசு எதுக்கு சார்? நீங்க வெட்டற கிளை எவ்ளோ தடிமன்?"

கட்டைவிரலைக் காட்டினார்.

"அப்ப இது போதும். உருளை வச்சது, சத்தம் கம்மி. பிளேடு வச்சது வேகமா அரைக்கும், ஆனா தெருவே எழுந்து உக்காந்துடும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கங்க. சிக்கிச்சுன்னா மொதல்ல பிளக்கப் பிடுங்கணும். அப்புறம்தான் கை."

முதல் நாளே ஈரக்கொடி சுற்றி மிஷின் நின்றது. அவசரத்தில் கையை உள்ளே விடப் போனவர், சட்டென்று இழுத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். போகப் போகப் பக்குவம் பிடிபட்டது. ஈரத்தோடு காய்ந்த குச்சியையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சிக்கல் இல்லை. அரைத்ததைச் செடிகளின் அடியில் பரப்பினார்.

மூன்று வாரம் கழித்துத்தான் மனைவியிடம் சொன்னார். "இப்பல்லாம் தோட்டத்துல நெருப்பே வைக்கறதில்ல."

அவள் மெதுவாகக் கேட்டாள். "நீங்க நிறுத்திட்டீங்க. பக்கத்து வீட்டுல?"

அங்கே குடியிருந்த தையல்காரர் அன்றைக்கும் குவியலுக்கு எதிரே தீப்பெட்டியோடு நின்றிருந்தார். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஆனாலும் போனார்.

"உன் சருகையும் குடு. நானே அரைச்சுத் தரேன்."

"ஒரு தீக்குச்சில முடியற வேலைக்கு இவ்ளோ பாடா அண்ணே? நீங்க கொளுத்தாததா?"

"கொளுத்தினேன். அதான் என் வீடு காலியா கெடக்கு." அவர் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "நாம வெளிய வைக்கற நெருப்புக்கு நம்ம வீட்டு ஆளோட நெஞ்சுதான் தம்பி புகைபோக்கி. அது எனக்குப் புரியறதுக்கு அவ வீட்ட விட்டே போக வேண்டியிருந்துச்சு. நீ வீட்ல ஆள் இருக்கறப்பவே நிறுத்திடு."