எந்த நெஞ்சில் எந்தத் துகள்

1.

ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில், ஜன்னல் வெயிலில் தூசி அலைவதைப் பார்த்தபோது பிறந்த கதை இது. தூசி காற்று தள்ளுகிற பக்கம் போகும். அதில் ஒழுங்கைத் தேடுவது மனிதருக்குப் பிடித்த பைத்தியம். அதைத்தான் எழுத ஆசைப்பட்டேன்.

முதல் தொடக்கம்: "அரியமங்கலத்துக் காலை வெயிலில் தங்கத் துகள்கள்…" (தங்கமாவது ஒன்றாவது. அடித்துவிட்டேன்.)

2.

அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் ஆரோக்கியராஜும் பாலுவும் மணலைப் பீய்ச்சி இரும்புத் தகட்டின் துருவை எடுப்பவர்கள். ஒரே கொட்டகை, ஒரே தூசி, மூக்கில் ஆளுக்கொரு ஈரத்துண்டு. ஆரோக்கியராஜ் நுரையீரல் கல்லாகிப் படுத்துவிட்டார். பாலு நன்றாக இருக்கிறான்.

"எல்லாம் நேரம் அண்ணி. தூசி ஆள் பாத்தா நெஞ்சுல போகுது?" என்றான், பார்க்க வந்த பாலு.

என் கருத்தையே சொல்லிவிட்டான்! இங்கேயே முடித்திருப்பேன். ஆரோக்கியராஜின் மனைவி வியாகுலம்மாள் விடவில்லை.

3.

(இவளை அழுவதற்காக மட்டுமே வைத்திருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.)

காற்று தூசியை வாரியடிக்கும் மூலையில் ஆளுக்கொரு நாள் நிற்பது அந்தக் கொட்டகையின் வழக்கம். பாலு போனதும் கேட்டாள்.

"ஏங்க, மாத்தி மாத்தித்தானே நின்னீங்க?"

ஆரோக்கியராஜ் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இழுப்பு. தாங்க மாட்டான். அந்தப் பக்கம்தான் எனக்கு வசதின்னு பொய் சொல்லி நானே நின்னுட்டேன். அவன்கிட்ட சொல்லிடாத."

அவளுக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதி, அதையும் அடித்தேன். வயிறுதான் எரிந்தது. புருஷன்மேல், பாலுமேல், கொட்டகை முதலாளிமேல், எல்லார்மேலும்.*

* துகள்கள் தன்போக்கில்தான் அலைகின்றன. அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாக மட்டும் இருக்கிறது.

4.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அதன்பின் பாலு இழுக்கிற ஒவ்வொரு மூச்சும்… (முடிக்க வரவில்லை.)

முடிவு இரண்டு: புருஷன் பேச்சை மதித்து வாயை மூடிக்கொள்கிறாள். இதுதான் கௌரவமாகத் தெரிந்தது. எழுதியும் வைத்தேன். அடுத்த ஞாயிறு பாலு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தான்.

"அண்ணன் நின்ன மூலையிலதான் இப்ப தினமும் நான் நிக்கிறேன் அண்ணி. புதுப் பையன் ஒருத்தன் என் இடத்துல."

ஆரோக்கியராஜ் கையைத் தூக்கினார். சொல் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. வியாகுலம்மாள் வாயைத் திறந்துவிட்டாள்.

இனி நீங்கள் எழுதுங்கள். பாலுவுக்கு நாளைக் காலை வேலை இருக்கிறது.