ஆம்ப்ரோஸின் அன்னக்கழுத்து

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை பழைய பட்டறை நண்பன் நார்மன் ஸ்லாக் தள்ளுவண்டியோடு வருவதாக முடிவாகியிருந்தது. அதற்குள் ஆம்ப்ரோஸ் ஹாலம் ஒரு வார்ப்பிரும்புக் கட்டியின் மேல்முகத்தைத் தட்டையாகச் சீவி முடித்தாக வேண்டும். தட்டையாக வந்தால், ஷேப்பர் என்ற அந்த இரும்பு சீவும் இயந்திரம் ஆம்ப்ரோஸின் கொட்டகையிலேயே இருக்கும். வராவிட்டால் நார்மனுடையதாகிவிடும்.

ஆம்ப்ரோஸுக்கு இரண்டு வருடமாகக் கண் தெரியாது. சர்க்கரை நோய் முதலில் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவையும் தின்றது. முப்பது வருடம் டார்பியில் ரயில் பட்டறையில் இரும்பு சீவியவன். நகராட்சியிலிருந்து வந்த பெண்மணி கூடை முடையக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். நல்ல குரல் அவளுக்கு. அவன் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டான்.

கொட்டகையில் இருந்தது சிறிய ஷேப்பர், கையால் ஓட்டுவது. நெம்புகோலை முன்னால் தள்ளினால் தலை நகர்ந்து, நுனியில் இருக்கும் பிட் என்ற சின்ன வெட்டும் உளி இரும்பிலிருந்து ஒரு நாரை உரித்தெடுக்கும். பின்னால் இழுக்கும்போது கீல் போட்ட மடல் ஒன்று பிட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பும். திரும்பி முடிந்ததும் மடல் 'டக்' என்று தன் இடத்தில் விழும். மோட்டார் கிடையாது. இரும்பு என்ன சொல்கிறதோ அது நெம்பு வழியாக நேரே உள்ளங்கைக்கு வந்துவிடும். கண் இல்லாதவனுக்கு இதைவிட ஏற்ற இயந்திரம் உலகத்தில் இல்லை என்று ஆம்ப்ரோஸ் நம்பினான்.

ஜனவரியில் அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. பிட்டைப் பிடித்துக்கொள்ள இயந்திரத்தோடு வந்த நேரான டூல் ஹோல்டரில் அதை மாட்டிச் சீவிக்கொண்டிருந்தபோது, பிட் திடீரென்று இரும்புக்குள் புதைந்தது. நெம்பு நின்ற இடத்தில் நின்றுவிட, அவன் உடம்பு நிற்கவில்லை. விலா எலும்பில் நெம்பின் குமிழ் இடித்தது. உடைந்த பிட்டின் சில்லு கன்னத்தைக் கிழித்தது.

அவன் மனைவி வின்னி ரத்தத்தைத் துடைத்தாள். 

"வித்துடு," என்றாள் கடைசியில். "நார்மன் கேட்டுட்டே இருக்கான். குடுத்துடு."

"ஒரே ஒரு வாய்ப்பு குடு வின்னி. ஒரு வார்ப்பிரும்புக் கட்டி. அதோட முகத்தைத் தட்டையா கொண்டுவந்துட்டா இது இருக்கட்டும். வரலேன்னா நானே தூக்கி வண்டில வெக்கிறேன்."

"கண்ணு தெரியாத மனுஷன் பேசுற பேச்சா இது?"

"கண்ணு தெரிஞ்சப்பவும் இப்படித்தானே பேசினேன். அப்ப கேட்டு கல்யாணம் பண்ணிக்கிட்ட."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நார்மன் ஒரு ஹோல்டரைக் கொண்டுவந்தான். இருவரும் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். ஷேப்பர் மேல் அவனுக்கு ஆசை உண்டு. அதை அவன் மறைத்ததும் இல்லை.

"இது கெட்டியா இருக்கும், வெச்சுக்கோ. அப்புறம் தோத்துட்டு, நார்மன் உதவலைன்னு ஊர்ல சொல்லாத."

ஆம்ப்ரோஸ் அதைக் கையில் வாங்கி, பிட் நுழையும் துளைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தான். துளை சாய்வாக ஏறியது.

"இது கடைசல் பிடிக்கிற லேத்துக்கான ஹோல்டர்டா. பிட்டை அண்ணாந்து பாக்க வெக்குது. ஷேப்பர்ல மாட்டினா நான் தீட்டின கோணமெல்லாம் பாழ்."

"அப்ப பழைய நேர் ஹோல்டர்தான் கதி."

"அதுதான் என்னைக் கடிச்சது. நேரா இருக்கிறதுல வெட்டுமுனை முன்னாடி நிக்குது. இரும்பு எதிர்த்தா ஹோல்டர் வளையும். வளைஞ்சா முனை கீழ இறங்கும், இறங்கினா இன்னும் ஆழமா கடிக்கும். கண்ணு இருந்தா முன்னாடியே நிறுத்திடலாம். எனக்கு வேண்டியது, எதிர்த்தா ஒதுங்கிப் போற மாதிரி ஒண்ணு."

"அன்னக்கழுத்தா?"

"அதேதான். கழுத்து பின்னால வளையணும். வெட்டுமுனை கீல் ஆணிக்குப் பின்னாடி வரணும். கோபம் வந்தா அது இரும்பை விட்டு மேல எழும்பும்."

"உன் பொண்டாட்டிகிட்ட அந்த நல்ல குணம் இல்லையேப்பா," என்றான் நார்மன். சமையலறையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

அன்னக்கழுத்து ஹோல்டரைக் கடையில் தேடினால் பெரிய இயந்திரத்துக்கானதுதான் கிடைக்கும். ஆகவே ஆம்ப்ரோஸ் செய்யவே தொடங்கினான். கடினமான எஃகு வேண்டாம் என்று முடிவு செய்தான். அது வளைவதற்குப் பதில் முறியும். கட்டைவிரல் கனத்தில் ஒரு சாதா எஃகுக் கம்பியைத் தேர்ந்தெடுத்து, சமையலறைக் கணப்பின் நிலக்கரிக்குள் செருகினான். துருத்தியை வின்னி அழுத்தினாள். சூடு போதுமா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"சிவப்புன்னா? தபால் பெட்டியா, ரத்தமா?"

"ப்ளம் ஜாம்."

"பத்தாது. ஊது."

"இது ஒழியட்டும்னு சொன்னவ நான். இதுக்கு நானே ஊதிக்கிட்டு கெடக்குறேன் பாரு." அவள் குரலில் மூச்சிரைத்தது. "இப்ப ஆரஞ்சுத் தோல் ஜாம். நல்லா கொதிக்கிறப்ப இருக்குமே, அப்படி."

அவன் இடுக்கியால் எடுத்து, கொல்லைப்புறத்துப் பட்டடைக்கல்லின் கொம்பில் வைத்து அடித்தான். சூடான இரும்பு சுத்தியலின் கீழ் மந்தமாகச் சத்தமிடும். ஆற ஆறக் கணீரென்று ஒலிக்கும். கணீர் கேட்டதும் நிறுத்தி, மறுபடியும் அடுப்புக்கு அனுப்பினான். ஐந்து முறை போய் வந்ததில் கழுத்து வளைந்தது.

கழுத்தின் நுனியில், அன்னத்தின் அலகு போன்ற இடத்தில் துளை போட்டு, அதைச் சதுர அரத்தால் சதுரமாக்க நான்கு நாள் பிடித்தது. அரம், தடவல், மறுபடி அரம். கடைசியில் பிட் உறைக்குள் கடிதம் போவதுபோலச் சத்தமில்லாமல் நுழைந்தது. பக்கவாட்டில் அதைப் பிடித்துவைக்க ஒரு திருகு போட்டான். ஷேப்பரில் மாட்டி, கீல் ஆணியிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டான். விரலை முனைக்குக் கொண்டுபோனான். முதலில் நூல், அதற்குப் பின்னால், கோதுமை மணி அகலம் தள்ளி, வெட்டுமுனை. அவன் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். வெளியே கரும்பறவை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. உலகத்தில் இந்த ஓர் இடத்தை மட்டுமாவது அவனால் இப்போது பார்க்க முடிந்தது.

சனிக்கிழமை காலையில் கட்டியை ஷேப்பரின் வைஸ் பிடியில் இறுக்கிச் சீவ ஆரம்பித்தான். பிட் புதையவில்லை. கடினமான இடங்களில் கழுத்து லேசாக நடுங்கி, ஒதுங்கி, மறுபடி தன் வேலைக்குத் திரும்பியது. இரண்டு மணி நேரம் தள்ளலும் இழுவையும், டக், டக் என்று. முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

நார்மன் பதினோரு மணிக்கு வந்தான். சோதனைக்கான சமதளப் பலகையும் நீல மையும் கொண்டுவந்திருந்தான். பலகையில் மையை மெல்லியதாகத் தடவி, கட்டியைக் கவிழ்த்துத் தேய்த்து எடுத்தால், மேடான இடங்களில் நீலம் ஒட்டும். எங்கும் ஒட்டினால் தட்டை. ஒட்டாத இடம் பள்ளம்.

கட்டி பலகையில் தேயும் சத்தம் கேட்டது. பிறகு நார்மன் அதைத் திருப்பினான்.  வாசலில் நின்ற வின்னியின் மூச்சு மட்டும் கேட்டது.

"முழுக்க நீலம்," என்றான் நார்மன். "ஒரு குறையும் இல்ல. ஜெயிச்சுட்டடா கிழவா."

ஆம்ப்ரோஸ் கையை நீட்டினான். "குடு."

கட்டியை வாங்கி, மையைத் துணியால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக இழுத்தான். பாலில் இழுப்பதுபோல் போனது. வலது ஓரத்துக்கு ஒரு விரல் அகலம் இருக்கையில் நகம் ஒரு சின்னப் படியில் இறங்கியது. காகிதக் கனம்தான் இருக்கும். மறுபடி இழுத்தான். மறுபடியும் இறங்கியது.

"இங்க நீலம் ஒட்டியிருக்காது நார்மன்."

மை டப்பாவின் மூடி திருகும் சத்தம் கேட்டது.

"ஒட்டிச்சா?"

"இல்ல," என்றான் நார்மன் மெதுவாக. "விடுடா. காகிதக் கனம். எவன் கேக்கப்போறான்? உன்கிட்டேருந்து ஷேப்பரைத் தூக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல."

"கண்ணு போனப்ப நான் அழல. நீங்கல்லாம் இருக்கீங்கன்னு நெனச்சேன். இனிமே நீ நல்லா இருக்குன்னு சொல்றதை நான் எப்படி நம்புவேன்? பாவம் பாத்து எனக்கு இன்னொரு தடவை கண்ணைப் பிடுங்காத."

அவன் கட்டியை வைத்துவிட்டு, ஷேப்பரின் அடியில் கை கொடுத்தான். 

"சொன்ன சொல் சொன்னதுதான்," என்றான் ஆம்ப்ரோஸ். "ஒரு பக்கம் பிடி. தூக்கலாம்."

"நில்லு." வின்னி உள்ளே வந்தாள். "அந்தப் படி எப்படி வந்துது?"

"திருகு. நான் பத்தாம இறுக்கியிருக்கேன். கடைசிப் பக்கத்துல பிட் வழுக்கி இறங்கியிருக்கு. சத்தம் வந்திருக்கும், எனக்குக் கேக்கல."

"ஹோல்டர் தப்பு இல்லையே?"

"இல்ல. என் கை தப்பு."

"அந்த முகத்துல சீவ இன்னும் இரும்பு மிச்சம் இருக்கா?"

ஆம்ப்ரோஸ் அளவுகோலின் வெட்டுகளைத் தடவிக் கணக்குப் பார்த்தான். "இருக்கு. இன்னும் ரெண்டு தடவை சீவலாம்."

"அப்ப இன்னும் முடியல. முடிச்சப்புறம் தட்டையா இல்லேன்னாதான் தூக்கணும்னு பேச்சு." அவள் நார்மன் பக்கம் திரும்பினாள். "பலகையை நீ துடை. இந்தத் தடவை மையை நான் பாக்குறேன். இந்த மிஷின் மேல எனக்கு ஒரு பாசமும் கெடையாது. உள்ளதைச் சொல்லுவேன்."

ஆம்ப்ரோஸ் பிட்டை வெளியே எடுத்தான். திருகு அழுந்தும் பக்கத்தில் சாணைக்கல்லால் ஒரு சின்னத் தட்டையை உண்டாக்கி, மறுபடி செருகி, கை வலிக்கும்வரை இறுக்கினான். நூலைத் தொங்கவிட்டுச் சரிபார்த்தான். பிறகு படியின் அடியைத் தொடும் அளவுக்குக் கீழே இறக்கி, நெம்பைத் தள்ளினான். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் விரலைத் திருகின் மேல் வைத்து, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டான்.  வின்னி கொண்டுவந்த தேநீர் ஆறியது.

வின்னி கட்டியைக் கவிழ்த்தாள், தேய்த்தாள், ஜன்னல் பக்கம் எடுத்துப் போனாள். அவள் அவசரப்படவில்லை. ஆம்ப்ரோஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"இடது ஓரம் நீலம்," என்றாள். "நடுவுல நீலம், ஆனா கொஞ்சம் வெளிறினாப்ல. வலது ஓரம்..." கட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். "ஒட்டியிருக்கு. கடைசி வரைக்கும்."

"வெளிறினதுன்னா எவ்வளவு?"

"பள்ளம் இல்ல. மை மெலிசா விழுந்திருக்கு. பள்ளமா இருந்தா பள்ளம்னு சொல்லியிருப்பேன்."

அவன் நகத்தால் இழுத்துப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். நார்மன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

"நாளைக்கு சர்ச் இருக்கு," என்றாள் வின்னி, கையிலிருந்த நீலத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே. "கட்டியோட அடுத்த முகத்தைத் திங்கக்கிழமை பாப்போம். நான் கொட்டகைக்கு வந்தப்புறம் ஆரம்பி."