ஒரே ஆளை நம்பியிருத்தல்

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் அவளுக்கு யாரும் வைக்காத பேர் இல்லை. நேரில் "ரிஸ்க் மேடம்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "அபசகுனம்" என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரிவு பிரிவாகப் போய், "உங்க வேலையில என்னென்ன தப்பாப் போகலாம்?" என்று கேட்பதுதான் அவள் உத்தியோகம். கேட்டதை ஒரு பட்டியலில் ஏற்றுவாள். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம், தடுக்க என்ன வழி. ஆபத்து பெரிதானால் சிவப்பு, நடுத்தரமானால் மஞ்சள், அடங்கிவிட்டால் பச்சை. இயக்குநர்கள் அந்த நிறங்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அவளைக் கண்டு முகம் சுளிக்காதவர் ஒரே ஒருவர், கணக்கண்ணன். ஆபீஸ் மொத்தமும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஓய்வூதிய பாலிசி எடுத்தவர்களுக்கு வருங்காலத்தில் கொடுக்க இன்று எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணிப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக அவரே கட்டிய கணிப்பு. அதில் எந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவருக்கு லீவு என்பதே கிடையாது.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாள் ரிஸ்க் மேடம் அண்ணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். மெஷினோடு கட்டிப்போட்டது மாதிரி அண்ணி படுத்திருக்க, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் கணக்கண்ணன் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியபடி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டு அண்ணி இரண்டு முறை கையை நீட்டினாள். அவர் கவனிக்கவே இல்லை. தம்ளரை எடுத்துக் கொடுத்தவள் இவள்தான்.

"அவ்வளவு பெரிய ஆபீஸ்ல இவருக்குப் பதிலா இன்னொரு ஆளே இல்லையாம்மா?" என்று அண்ணி கேட்டாள்.

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பட்டியலைத் திறந்து, நாற்பத்தோராவது வரிசையில் எழுதினாள்: "ஓய்வூதியக் கணிப்பு: ஒரே ஆளை நம்பியிருத்தல்." சிவப்பு. தடுக்கும் வழி: உதவிக்கு இரண்டு பேரை நியமித்து, கணிப்பு முறையை எழுதி வைப்பது. இத்தனை வருஷத்தில் தன் பட்டியல் ஒரு மனுஷனுக்கு நல்லது செய்யப்போவது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குப் பட்டது. அவரிடமே போய்ச் சொன்னாள்.

"கடைசில என்னையே ஆபத்துன்னு எழுதிட்டியாம்மா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுது, எழுது. வாரத்துல ரெண்டு நாள் அவ பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாப் போதும் எனக்கு."

இயக்குநர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். வெளி ஆலோசனை நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கணக்கண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. மனசுக்குள் இருந்ததையெல்லாம் ஆறு மாதத்தில் முந்நூற்று நாற்பது பக்கமாக எழுதிக் கொடுத்தார். செவ்வாயும் வியாழனும் லீவு கிடைத்தது. "உன் புண்ணியத்துல நேத்து அவளுக்குத் தலை பின்னி விட்டேன். கோணல்மாணலா வந்துச்சு, ஆனா அவ அவுக்கவே இல்ல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாவது மாதம் அவருக்குக் கடிதம் வந்தது. பதவி தேவையற்றதாகிவிட்டதாம். சம்பளத்தோடு, ஊழியர் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் அந்த மாதத்தோடு சரி.

அவள் தலைமை மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"ஏன் பதறுறீங்க? ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? இப்ப நம்பியில்லை."

"உதவிக்கு ஆள் போடச் சொன்னேன் சார். அவரை அனுப்பச் சொல்லல."

"ரெண்டு பேர் பாக்கற வேலைக்கு மூணாவது ஆள் எதுக்கு?"

"அவர் மனைவி டயாலிசிஸ்ல இருக்காங்க. இந்தக் காப்பீடு போனா..."

மேலாளர் கெட்டவர் இல்லை. "கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது நம்ம நிறுவனத்தோட ரிஸ்க் இல்லையே" என்றார். பிறகு, நாற்பத்தோராவது வரிசை முடிந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நகர்த்தினார்.

இரண்டு நாள் அவள் அதைத் தொடவில்லை. "நீ போடாம இருந்தா அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சிடுமா? உன் வேலையும்தான் போகும்" என்றான் கணவன். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு பச்சையானது.

ஐம்பத்து நாலு வயதில் வேலை கேட்டுப் போன கணக்கண்ணனை வாசலோடு திருப்பினார்கள். மனைவிக்குத் தனியாக ஒரு பாலிசி எடுக்கலாம் என்று நாலு நிறுவனங்களில் ஏறி இறங்கினார். ஏற்கெனவே இருக்கிற நோய் என்று எல்லோரும் கையை விரித்தார்கள். ஏன் விரிக்கிறார்கள் என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதனால் எவரிடமும் அவர் வாதாடவில்லை. மூன்று நாள் டயாலிசிஸ் இரண்டு நாளானது. பிறகு ஒன்று.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனாள். கதவைத் திறப்பாரா என்ற பயத்தோடுதான் மணியை அழுத்தினாள். திறந்தார். உள்ளே அண்ணி, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடக்க, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை.

"என்னைத் திட்டிடுங்கண்ணே" என்றாள் அவள்.

"எதுக்குத் திட்டணும்? உன் இடத்துல நான் இருந்தாலும் சிவப்புதான் போட்டிருப்பேன். சரியாத்தாம்மா எழுதின." குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கி வந்தாள்.

பதினோரு நாள் கழித்து அண்ணி போய்விட்டாள். இறுதிச் சடங்கில் கணக்கண்ணன் யாரையும் பார்க்கவில்லை. ஆபீஸ் சார்பில் ஒரு மலர் வளையம் வந்தது.

அடுத்த காலாண்டில் அவள் மறுபடி பிரிவு பிரிவாகப் போனாள். முன்பெல்லாம் முனகிக்கொண்டாவது பேசுவார்கள். இந்த முறை எல்லோரும் சொல்லி வைத்தாற்போல, "இங்க ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்" என்றார்கள். பழைய சர்வர் பிரமாதமாக ஓடுகிறதாம். ஆள் பற்றாக்குறை அறவே இல்லையாம். பொய் என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பட்டியல் முழுக்கப் பச்சை. இயக்குநர்கள், இத்தனை வருஷத்தில் இதுதான் சிறந்த அறிக்கை என்று பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள்.

அந்த அறிக்கையை அனுப்புவதற்கு முன் அவள் கடைசியாகப் போனது இழப்பீடு வழங்கும் பிரிவுக்கு. பெரிய தொகைகளை எல்லாம் சரிபார்த்து அனுப்புவது அங்கே ஒரே ஒரு பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜை நிறையக் கோப்புகள். உடன் வேலை பார்த்துவந்தவர் விலகிப் போய் நாலு மாதமாகிறது. ரிஸ்க் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்; வழக்கமான கேள்வியை இன்னும் கேட்கக்கூட இல்லை. அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். என்னை மட்டும் எழுதிடாதீங்க."

"எழுதல" என்றாள் அவள்.

அந்தப் பெண் கையை விடவில்லை. "சத்தியமா?"

"சத்தியமா."

பிறகுதான் விட்டாள்.