பாசி ராணி அழுத சனிக்கிழமை

ஆள்காட்டி விரல் உயரமே உள்ள ஒரு பொம்மை, பகடையில் ஒன்று விழுந்து தன் கதை முடிந்தது என்று தெரிந்ததும், அத்தனை பேர் பார்க்கக் கண்ணீர் விட்டு அழுதது. கன்னத்தில் உருண்ட கண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, மேஜையில் அடுக்கியிருந்த காடு, கோட்டை, தொங்கு பாலம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. குள்ளர் படை மொத்தமும் தாடி வரை முங்கிவிட்டது. வெள்ளம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அழுதது அப்பட்டமான உண்மை. சந்தேகம் இருந்தால் தேய்மானத்திடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

தேய்மானம் என்பது ஒரு மனிதர். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை எரிந்தால், லாரி கவிழ்ந்தால், கிடங்கில் தண்ணீர் புகுந்தால், ஈரம் காய்வதற்கு முன் அங்கே போய் நிற்பார். நஷ்டப்பட்டவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதுல தேய்மானம் எவ்வளவு கழிக்கலாம்?" என்று ஆரம்பிப்பார். அவர் மோப்பம் பிடித்தால், எரிந்த துணியின் சாம்பலை வைத்தே தீக்குச்சி கிழித்தவன் இடக்கையா வலக்கையா என்று சொல்லிவிடுவாராம். சொந்த மகள் பிறந்தபோதுகூட, குழந்தையின் கையில் கட்டியிருந்த அட்டையை இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் கொஞ்சினார். அந்த மகள்தான் வளர்ந்ததும் அவருக்குத் தேய்மானம் என்று பெயர் வைத்தது.

ஓய்வு பெற்றதும் மனிதருக்குச் சந்தேகப்பட ஆள் கிடைக்கவில்லை. பால் பாக்கெட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டு நாய் ஏன் குரைக்கவில்லை என்று யோசித்தார். அப்படி வாடிக்கொண்டிருந்த காலத்தில்தான், மாடி அறையில் குடியிருந்த மனைவியின் தம்பி, ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கூடத்தில் ஒரு பெரிய மேஜையைப் போட ஆரம்பித்தான்.

தம்பிக்கு வேலை, பல் மருத்துவர்களுக்காகப் பல்செட் செய்யும் பட்டறையில். அதனால் அவன் பெயரும் பல்செட். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப் பல் செதுக்குவான். மற்ற நேரமெல்லாம் மந்திரவாதி, பூதம், எலும்புக்கூடு, குள்ளன் என்று விரல் உயரப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவான். அதே பூதக்கண்ணாடி, அதே மெல்லிய கருவிகள். ஒற்றை மயிர் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தானானால், ஒரு பூதத்தின் கண்ணுக்குள் கருவிழி வைத்து முடித்த பிறகுதான் மூச்சை விடுவான். ஒருமுறை அவன் விட்ட மூச்சில் வாசல் கதவு சாத்திக்கொண்டது என்பார்கள்.

அந்தப் பொம்மைகளை மேஜையில் நிறுத்தி, இருபது முகப் பகடையை உருட்டி ஒரு கதையை ஆடுவார்கள். பல்செட் கதையைச் சொல்லி நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். மருந்துக்கடைக்காரம்மா ஒரு திருடி. பஸ் டிரைவர் கோடாலிக் குள்ளன். தேய்மானத்தின் மனைவி, சதுப்புக் காட்டை ஆளும் பாசி ராணி.

தேய்மானத்துக்கு முதல் நாளே பொறி தட்டியது. வயது வந்த நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து "அவனை வெட்டு", "கதவை உடை" என்கிறார்கள். கட்டாயம் சூதாட்டம். நாற்காலியை இழுத்துப் போட்டு மூலையில் உட்கார்ந்தார். காசு கைமாறவே இல்லை. காசே இல்லாமல் ஒருத்தர் இவ்வளவு நேரம் ஒன்றைச் செய்கிறார் என்றால் விஷயம் இன்னும் பெரியது என்று முடிவு கட்டினார்.

அடுத்து பகடை. மச்சினன் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டிவிட்டு எண்ணைச் சொல்கிறான். எந்த ஊர் நியாயம் இது? தேய்மானம் ஒரு சட்டம் போட்டார்: உயிர் போகிற தருணத்தில் உருட்டுகிற பகடை கண்ணாடிக் கிண்ணத்தில்தான் விழ வேண்டும். அதுவும் சம்பந்தப்பட்ட பொம்மையின் பக்கத்திலேயே. படிக்கிற விளக்கைக் கழுத்தை வளைத்து, கிண்ணத்துக்கு மேல் தணித்துப் பிடிக்க வேண்டும். எல்.இ.டி அல்ல, அவருடைய பழைய குண்டு பல்பு விளக்கு. அடியில் கையை நீட்டினால் வறுபட்டுவிடும். பல்செட் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அவன் சிரித்ததும் தேய்மானத்துக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் அவர் பார்வை ராணியின் மேல் விழுந்தது. மற்றவை கடையில் வாங்கியவை. அவளை மட்டும், ராணியாக ஆடும் தன் அக்காவுக்காக, பட்டறையின் முப்பரிமாணப் பிரிண்டரில் ரெசின் என்கிற பிசினை வார்த்து, பல்செட்டே உருவாக்கியிருந்தான். கூந்தல் முழுக்கப் பாசி, மேலாடையில் தவளை முட்டைகள், முகத்தில் இலைப் பச்சை. ஆழமான கண்குழிகளில் கடுகில் பாதி அளவுக் கருவிழிகள். அவள் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாமே, ஏன் மூலை நாற்காலியைப் பார்க்கிறாள்? தேய்மானம் எடுத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்தது போலிருந்தது.

வீட்டில் ஆள் இல்லாத ஒரு மதியம், மூட்டைகளுக்குள் என்ன இருக்கிறது என்று குத்திப் பார்க்க உத்தியோக காலத்தில் வைத்திருந்த நீள ஊசியை எடுத்தார். வெளியே தெரியாத இடமாக, ராணியின் இடது கண்ணோரக் கறுப்பு முகத்தின் பச்சையோடு சேரும் இடத்தில் வைத்துத் திருகினார். முட்டை ஓடு போல மெல்லிசாக இருந்தது; ஊசி இறங்கியது. காந்தம் இல்லை, கம்பி இல்லை, ஒன்றும் வெளியே வரவும் இல்லை. ஊதிவிட்டு, அலமாரியில் அதே இடத்தில் நிறுத்தினார். ஊசியையும் பெட்டியில் போட்டார். அத்தோடு அதை மறந்தும் போனார். கடமையைச் செய்கிறவர் அதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது. கதையில் கல் நாகம் ஒன்று ராணியைச் சுற்றி வளைத்துவிட்டது. தப்பிக்க ஒரே ஒரு பகடை. கிண்ணம் வந்தது. விளக்கு தணிந்தது. அக்கா பகடையைக் கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், உருட்ட மனம் வரவில்லை. மூன்று யுகம் குலுக்கியிருப்பார். அவ்வளவு நேரமும் விளக்கு ராணியின் தலைக்கு மேல் தகித்தது. அவ்வளவு நேரமும் தேய்மானம் மச்சினனின் இரண்டு கைகளிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை.

பகடை உருண்டு நின்றது. ஒன்று.

"போயிட்டா," என்றார் அக்கா.

அப்போது ராணியின் இடது கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டது. திரண்டு, நின்று, யோசித்து, கன்னத்தில் இறங்கியது. பஸ் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். நெடுஞ்சாலையில் எத்தனையோ பார்த்த மனிதர். தேய்மானம் திரும்பிப் பார்த்தபோது ராணியின் கன்னத்தில் ஈரக் கோடு மட்டும்தான் மிச்சம். அவர் பாய்ந்து போய்க் கைக்குட்டையால் அதை ஒற்றி எடுத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தடயமாம்.

அக்கா அவரையே பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அழுதப்ப ஒரு தடவை வராத கைக்குட்டை."

"இது கிளிசரின்," என்றார் தேய்மானம். "உன் தம்பி வேலை."

"நான் அழுதா வெங்காயம். அவ அழுதா கிளிசரின்."

அன்றைக்கு அந்த வீட்டில் ஒப்பந்தம் ஒன்று உருவானது. ஏமாற்று வேலை என்று தேய்மானம் அடுத்த சனிக்கிழமைக்குள் காட்டிவிட்டால், மேஜை வீட்டை விட்டுப் போய்விடும், ஆட்டமும் அதோடு போய்விடும். காட்ட முடியாவிட்டால், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, நடந்தது நடந்ததுதான் என்று அவர் சொல்ல வேண்டும். எதையும் கழிக்காமல், முழுசாக. பல்செட் அதைக் கேட்டு வெளிறிப்போனான். மாடி அறையில் கட்டிலுக்கே இடம் பத்தாது; இந்த மேஜையை எடுத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? அக்கா முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வாரத்தில் ஒரு மாலை தான் யாருக்கும் சமைக்காமல் ராணியாக இருப்பது இந்த மேஜையில்தான் என்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் கணவர் அதிலும் கொஞ்சம் கழிப்பார்.

தேய்மானத்துக்கு உடம்பில் பத்து வயது குறைந்தது. மருந்துக்கடைக்குப் போய்க் கண் சொட்டு மருந்து எத்தனை வகை என்று விசாரித்தார். மருந்துக்கடைக்காரம்மா எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டு, கண்ணுக்கா மனசுக்கா என்று கேட்டார். பஸ் டிரைவர் அன்று குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொண்டு வந்திருந்தார் என்பது நினைவுக்கு வர, பஸ்ஸிலேயே ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய் அவர் விரல்களைக் கவனித்துவிட்டு வந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஜன்னலோர வெயிலில் வைத்திருந்த கைக்குட்டையில் அந்தத் துளி கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் தட்டினால் டக் டக் என்றது. கண்ணீர் இறுகாது. கிளிசரினும் இறுகாது. ஏதோ மருந்து நெடி மட்டும் அடித்தது.

மறுநாள், ஆடாத பல்லை ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனார். உள்ளே நுழைந்ததுமே மூக்கு நிமிர்ந்தது. அதே நெடி. மூலையில் ஆரஞ்சு நிற மூடிக்குள் பிரிண்டர் ஒரு பல்லைத் தொட்டியிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தது. தொட்டி நிறையத் தேன் மாதிரி ரெசின்.

அகப்பட்டுக்கொண்டான் என்று தேய்மானம் உள்ளுக்குள் கும்மாளம் போட்டார். கைக்குட்டையை எடுத்து மேஜையில் விரித்தார். பல்செட் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ மாமா. ராணிக்குள்ள ரெசின் தங்கிடுச்சு."

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். உள்ளே கூடாக வார்க்கும் பொம்மைக்கு அடியில் ஓர் ஓட்டை விட்டு, உறையாத ரெசினை வடித்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். ராணியின் அடியில் சதுப்புச் சேறு அழகாக வந்திருந்ததால், அதைக் கெடுக்க மனசில்லாமல் ஓட்டையே போடாமல் விட்டுவிட்டான். வெயில் பட்டால் இறுகும், உள்ளே இருட்டில் கிடந்தால் அப்படியே உறையாமலே இருக்கும். சூடு பட்டால் உப்பி, வழி தேடும்.

"சூடுன்னா?" என்றார் தேய்மானம்.

"உங்க விளக்குதான் மாமா. அதுக்கு அடியில என் விரலே பொரியுது."

தேய்மானம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, அது வெளிய வர்றதுக்கு வழி?"

"அதுதான் புரியல. வெடிச்சிருக்கான்னு கண்ணாடி வெச்சுப் பார்த்தேன். வெடிப்பே இல்ல. கண்ணோரத்துல மட்டும் ஒரு ஓட்டை, உருண்டையா, அளவெடுத்தாப்புல. யாரோ ஊசியால போட்ட மாதிரி."

மச்சினன் அவரைப் பார்த்தான். அவர் பிரிண்டரைப் பார்த்தார். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் அவர் சந்தேகப்பட்டாகிவிட்டது. விட்டுப்போன ஒரே ஆள் இப்போது அவருடைய சட்டைக்குள் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். விளக்கும் அவருடையது, ஊசியும் அவருடையது. அவர் மட்டும் அவளை நம்பியிருந்தால் அவள் அழுதிருக்கவே மாட்டாள்.

"பல்லைப் பார்க்கட்டுமா மாமா?"

"இப்ப ஆடல," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்த கையோடு ஊசியைத் துடைத்து வைத்துவிட வேண்டும் என்று பெட்டியைத் திறந்தார். ஊசி இல்லை. சனிக்கிழமை வரை ஒவ்வோர் இழுப்பறையாகத் தேடினார். தேடுகிறவரைப் பார்த்துக்கொண்டே அக்கா தன் பாட்டுக்குத் துணி மடித்தார்.

சனிக்கிழமை மாலை எல்லோரும் வந்துவிட்டார்கள். மேஜை நடுவே ராணி நின்றாள். சேற்றுக்கு அடியில் இப்போது முறையாக ஓர் ஓட்டை, உள்ளே எல்லாம் வடித்தாகிவிட்டது. செத்த ராணியை எழுப்பும் மந்திரம் ஒன்று கதையில் இருக்கிறதாம். ஆனால் மேஜை இருந்தால்தானே கதை என்று பல்செட் முனகினான். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டு வந்தார். தேய்மானத்தின் முன்னால் மட்டும் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு நீள ஊசியையும் வைத்தார். அதன் நுனியில் இலைப் பச்சை.

வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

தேய்மானம் எழுந்தார். ரெசின், சூடு, ஓட்டை என்று மூன்றும் நாக்கின் நுனியில் இருந்தன. மூன்றாவதைச் சொன்னால் யார் போட்டது என்ற கேள்வி வரும். எத்தனையோ பேரின் நஷ்டத்தை அவர் காரணம் கேட்டே பாதியாக்கியிருக்கிறார். வீடு இடிந்தது என்று அழுதவனிடம் இடிந்ததா என்று கேட்டதில்லை, ஏன் இடிந்தது என்றே கேட்டிருக்கிறார். காரணம் வேறு, நடந்தது வேறு. ஒன்றைக் கழித்தாலும் மற்றது அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று இந்த வயதில் தெரிந்தது. மனைவி அவரைப் பார்க்கவில்லை, ராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவ அழுதா," என்றார்.

பஸ் டிரைவர் விடுவதாக இல்லை. "தேய்மானம் எவ்வளவு சார் கழிக்கணும்?"

"ஒண்ணும் கழிக்க வேண்டாம். நடந்தது."