சோத்துக்கை

அறுவைக்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் இரண்டு கைகளையும் அளந்து எழுதி மூன்றாம் மாடிக்கு அனுப்ப வேண்டும்.

என் அறை ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், துணி துவைக்கும் இடத்துக்கு அடுத்தது. ஒரு பக்கச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவி, ஒன்பது குழியும் ஒன்பது முளையும் கொண்ட பலகை, ஸ்டாப்வாட்ச். கையில் கத்தி பட்டவர்கள், ஊசிக்குழாய் ஏற்றப்பட்டவர்கள், எலும்பு சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் இங்கே வருவார்கள். அந்தக் கையால் இப்போது என்னென்ன முடிகிறது என்று நான் எழுதித் தருவேன். படித்தது இயற்பியல். அளப்பது பிடிக்கும், பேசுவதுதான் வராது. மாடியில் எனக்கு 'சைலன்ட் மோட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கதவுக்கு வெளியிலேயே குரல் கேட்டது.

"குடையை எங்க வச்சே?"

"உங்க கையிலதான் இருக்கு, அண்ணி."

"தெரியும். உனக்குக் கண்ணு தெரியுதான்னு பார்த்தேன்."

முதலில் வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் குடை, இன்னொன்றில் அட்டைப்பெட்டி. பின்னால் வந்தவர்தான் நோயாளி. நாற்பது வயது, கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம், இடது மணிக்கட்டில் ஒரு விரல் நீளத் தழும்பு.

"நான் இவளோட நாத்தனார்" என்றார் முதலாமவர். "உடனே முகத்தைச் சுளிக்காதே. எல்லா நாத்தனாரும் ஒண்ணு கிடையாது. சில பேர் என்னைவிட மோசம்."

பெட்டியை என் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு கேக். அதன்மேல் நீல நிறத்தில் 'பிறந்தநாள் வாழ்த்துகள் மாமா' என்று எழுதியிருந்தது. அச்சடித்ததைப் போல இல்லை, அதைவிட அழகு. 'ழ்' சுழிந்து இறங்கும் இடத்தில் கோடு ஒரே பருமனாக வழுக்கிப் போயிருந்தது.

"வாங்கிட்டுப் போக யாரும் வரல. மாமாவோட சண்டையோ என்னமோ. வீணாப் போக வேண்டாம்னு எடுத்துட்டு வந்தேன். கடை என்னோடது. எழுத்து இவளோடது. இந்த எழுத்துக்காகவே மூணு தெரு தள்ளி இருந்து வராங்க. நான் எழுதினா கேக்குல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்."

"நல்லா இருக்கு" என்றேன். எனக்கு அது நீளமான பேச்சு.

நோயாளியின் விவரம் எனக்கு முன்பே வந்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தன. டயாலிசிஸ் தொடங்க இன்னும் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து, ஊசி போட ஒரு வழி செய்து வைக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் இடது மணிக்கட்டில் செய்த இணைப்பு அடைத்துப்போனது. அது பலருக்கும் நடப்பதுதான். நாளைக்கு அதே கையில், இன்னும் மேலே, முழங்கை மடிப்பில் செய்யப்போகிறார்கள். ஸ்கேனில் இரண்டு கைகளிலும் குழாய்கள் நன்றாகவே இருந்தன. பழக்கமில்லாத கை என்பதால்தான் இடது. முழங்கையில் செய்தால் சிலருக்கு ரத்தம் குறுக்கு வழியில் திரும்பிவிடும். விரல்கள் சில்லிட்டுப் பிடி தளரும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் முடியாது.

"அக்கா, உங்களுக்கு எந்தக் கை பழக்கம்?"

இது எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி.

"சோத்துக்கைதான்" என்றார்.

"அவசரமில்ல" என்றார் நாத்தனார். "யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன அண்ணி இருக்கு?"

நாத்தனார் குடையின் பொத்தானைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். குத்திக்காட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

பிடிக்கருவியைக் கையில் கொடுத்தேன். மூன்று முறை வலது, மூன்று முறை இடது, சராசரி. வலது இருபத்து மூன்று கிலோ. இடது இருபத்து நான்கு. பழகிய கைக்குத்தான் பொதுவாக வலு கூடுதல். இங்கே தழும்பு விழுந்த கை ஒரு கிலோ முன்னால் நின்றது. ஒரு கிலோவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடுத்து முளைப்பலகை.

"ஒவ்வொண்ணா எடுத்துக் குழியில வைக்கணும். வச்சு முடிச்சதும் ஒவ்வொண்ணா திரும்ப எடுக்கணும். வேகமா."

வலது கை இருபத்து மூன்று விநாடி எடுத்துக்கொண்டது. ஒரு முளை மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. நாத்தனார் குனிந்து எடுத்துத் தந்தார். இடது கை பதினெட்டே விநாடி. அதைவிட நான் கவனித்தது வேறு. வலது கை வேலை செய்தபோது அவர் கண் பலகையை விட்டு நகரவில்லை. இடது கை வேலை செய்தபோது அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பீடா இருக்கே" என்றார் நாத்தனார், சுவரிலிருந்த நாள்காட்டியிடம் சொல்வதைப் போல.

"முதல்ல வலதுல செஞ்சதுல பழகிடுச்சு, அண்ணி."

பழகியிருக்கலாம். ஆனால் பழக்கம் ஐந்து விநாடியைத் தராது.

அடுத்தது தொடு உணர்வு. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொட வேண்டும். "இதுக்கு அறை அமைதியா இருக்கணும்" என்றேன். எனக்கே என் குரல் பொய்போலக் கேட்டது.

"அப்போ நான் வெளியே போறேன்" என்று நாத்தனார் எழுந்தார். "என் வாய்க்கு மட்டும் இன்னும் சுவிட்ச் கண்டுபிடிக்கல." வாசலில் நின்று திரும்பினார். "கடையிலயும் இப்படித்தான்மா. இவ எழுதற ரூமுக்குள்ள யாரும் போகக் கூடாது. பார்த்தா கை நடுங்குமாம். என் கடை, என் ரூம், நானே கதவைத் தட்டிட்டு 'உள்ள வரலாமாங்க மேடம்'னு கேட்டுட்டு நிக்கிறேன்."

கதவு மூடியது.

இழை சோதனை மூன்று நிமிடத்தில் முடிந்தது. பத்து விரல்களிலும் உணர்வு நன்றாக இருந்தது. நான் அலமாரியிலிருந்து தழும்புக்குத் தடவும் களிம்பை எடுத்தேன். கேக்கில் எழுதும் கோனைப் போலத் தடித்த தாளைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் களிம்பைப் பிதுக்கி, நுனியை வெட்டினேன். எஃகுத் தட்டு ஒன்றை அவர் முன் வைத்தேன்.

"அவங்கவங்க வேலையைச் செய்யச் சொல்லியும் பார்ப்போம். ஏதாவது எழுதுங்கக்கா."

கோனை வலது கையில் வாங்கினார். 'ம' என்று ஆரம்பித்தார். கோடு தடித்தது, மெலிந்தது, நடுவில் அறுந்தது. நான் தட்டைத் துடைத்துத் திரும்ப வைத்தேன். அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ பேச மாட்டியா?"

"அதிகமா பேச மாட்டேன்."

கோன் இடது கைக்கு மாறியது. அதன் பின்பகுதியை உள்ளங்கைக்குள் மடித்து, கட்டை விரலால் அழுத்தினார். 'மாமா' என்று தட்டில் விழுந்தது. நான்கு விநாடி. கேக்கில் இருந்த அதே 'மா'.

"நான் பொய் சொல்லலை" என்றார். "சாப்பிடறது வலதுல. பேனா பிடிக்கிறது வலதுல. ஸ்கூல்ல அடிச்சு மாத்திட்டாங்க. கோன் பிடிக்க ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரல. அதனால அது மட்டும் தப்பிச்சு நின்னுடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம்.

"அவங்களுக்குத் தெரியாதா?"

"கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரர் சொன்னாரு, அக்காகிட்ட மட்டும் காட்டிக்காதேன்னு. அதுக்கு முன்னாடி கவுன்டர்ல ஒருத்தர் வேலை பார்த்தாரு. பீச்சாங்கையால பன் எடுத்துக் கொடுத்தாருன்னு யாரோ கடையில சத்தம் போட்டிருக்காங்க. அன்னிக்கே அவரை நிறுத்திட்டாங்க அண்ணி. நான் இந்தக் கையாலதான் ஊருக்கே கேக் எழுதறேன்னு தெரிஞ்சா?" கோனைத் தட்டில் வைத்தார். "எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா. கணக்கு வராது. கல்லாவுல உட்கார்ந்தா கடையை மூடிட வேண்டியதுதான். இது ஒண்ணுதான் வரும்."

"முதல் ஆபரேஷன் அப்போ டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"வீட்டுக்காரர் லாரியோட வெளியூர்ல இருந்தாரு. நான் தனியாத்தான் வந்தேன். கேட்டாங்க, பழக்கத்துல சோத்துக்கைன்னு வாயில வந்துடுச்சு. கட்டோட கடைக்குப் போனதும் அண்ணி அதையே பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்கல."

"இப்ப சொல்லலாம். வலது கையிலயும் குழாய் நல்லா இருக்கு. மாத்திக்கலாம்."

"மாத்தினா, ஏன் கை மாறிச்சுன்னு கேப்பாங்களே. என்ன சொல்றது?"

அவருடைய இடது கை தட்டின் விளிம்பில் இருந்தது. நாளை மாலை அந்த விரல்கள் சூடாக இருக்கலாம், சில்லிட்டும் போகலாம்.

"நான் சொல்லட்டுமாக்கா, டாக்டர்கிட்ட?"

"வேண்டாம். நானே சொல்றேன். நீ சொல்லாதே." அந்த இடது கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் நல்ல வலு இருந்தது. "சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். சொன்ன உடனே வருந்தினேன்.

கதவு தட்டப்பட்டது. நாத்தனார் தட்டியிருந்தார். பின்னால் அறுவை செய்யும் டாக்டர் நின்றார். அவரை எல்லோரும் 'கோடு டாக்டர்' என்பார்கள். அறுவைக்கு முந்தைய நாளே வந்து தோலில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போவார். கோடு விழுந்த இடத்தை அவரே மாற்றமாட்டார் என்று மாடியில் ஒரு பேச்சு உண்டு.

நான் தட்டைத் துணியால் மூடினேன். பாதி 'மா' வெளியே தெரிந்தது. நாத்தனார் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"எல்லாம் ஆச்சா?" என்றார் டாக்டர். தாளை வாங்கி எண்களின் மேல் கண்ணை ஓட்டினார். "இடது நல்லாத் தேறியிருக்கு. பரவாயில்லையே. பழைய ஆபரேஷனால ஒண்ணும் கெட்டுப்போகல." நோயாளியைப் பார்த்தார். "சட்டைக் கையை மேல தூக்குங்கம்மா. இடது."

அவர் இடது கையைத் தூக்கினார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கை மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஊதா நிறப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டார்.

சொல்ல மாட்டேன் என்று சொன்னது நினைவில் இருந்தது. கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

"சார்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். நான் கூப்பிட்டு அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எந்தக் கை பழக்கம்னு இன்னொரு தடவை கேட்டுடுங்க."

"எழுதியிருக்கே."

"கேட்டுடுங்க சார்."

மூடியை வாயிலிருந்து எடுத்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தாளை, பதினெட்டு என்ற எண்ணை, மறுபடியும் என்னை. "சரி" என்றார். நாற்காலியை நோயாளியின் பக்கம் நகர்த்தினார். "அம்மா, உங்களுக்கு எந்தக் கை பழக்கம்? நாளைக்கு ஒரு கையில கை வைக்கப்போறேன். உங்களுக்கு ரொம்ப வேண்டிய கை எதுவோ, அதை நான் தொடக் கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

துவைக்கும் இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் சுற்றி நின்றது. நோயாளி வாயைத் திறந்தார். கண்கள் நாத்தனாரின் பக்கம் போய்த் திரும்பின.

"சோத்து..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே வரவில்லை. மறுபடியும் முயன்றார். "எனக்கு..."

தூக்கிய கை அப்படியே நின்றது. விரல்கள் தாமாகவே மடிந்து, இல்லாத ஒரு கோனைப் பிடித்திருந்தன.

நாத்தனார் குடையை நாற்காலியின் முதுகில் மாட்டினார். இரண்டு எட்டு வைத்து வந்து, உயர்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். சட்டைக் கையையும் இழுத்துவிட்டார்.

"மூணு மாசம் பொறுத்துப் பார்த்தேன், நீயே சொல்லுவேன்னு. இன்னிக்கும் உனக்கு வாய் வரலைன்னா இனிமே எப்ப வரும்?" என்றார் அவரிடம். பிறகு டாக்டரிடம் திரும்பினார். அதுவரை நான் கேட்ட குரலில் பாதிதான் இருந்தது அது.

"பேனாவை மூடுங்க டாக்டர். இவளுக்கு இடது கைதான் கை. பதினாலு வருஷமா தினமும் காலையில, இவ வர்றதுக்கு முன்னாடி, கோனையும் துணியையும் மேசைக்கு இடது பக்கம் எடுத்து வைக்கிறது நான்தான்."